பதினொரு பதிவேடுகளின் ஓரம்

மாநிலப் பதிவு அலுவலகத்தில் ஆவண அறைச் சாவியை வைத்திருந்த எழுத்தரை எல்லாரும் பூட்டு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவைப் பூட்டுவார், மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார், படியிறங்கிப் பாதித் தெரு போவார், திரும்பி வந்து நாலாவது தடவை இழுப்பார். முப்பது வருஷமாக இதே கூத்து. நாயைக் கண்டால் பயம், லிஃப்டைக் கண்டால் பயம், மேலதிகாரி தொண்டையைக் கனைத்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. இப்படியும் ஒரு மனுஷன்!

அந்தப் பயம்தான் வினையை விலைக்கு வாங்கியது. குடியிருப்போர் பதிவேட்டில் பெயர், வயது, முகவரி, இவ்வளவுதான் மாநிலச் சட்டம் கேட்டது. மற்ற எழுத்தர்கள் அதை எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். இவருக்கோ, நாளைக்கு யாராவது கேட்டால் என்ன செய்வது என்ற கவலை. அதனால் நாட்டின் எல்லை தாண்டி வந்து குடியேறிய ஒவ்வொருவரிடமும் எங்கிருந்து வந்தீர்கள், எந்த வருஷம், கையில் என்ன காகிதம் என்று குடைந்து குடைந்து கேட்டு, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் குறித்துவைத்தார். இப்படியே பதினொரு பதிவேடுகள் நிறைந்தன. ஏழாவதில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் பெயர் இருந்தது. ஓரத்தில், 'காகிதம் எதுவும் இல்லை.' அந்தச் சிறுமி வளர்ந்து, அவர் மகனையே கட்டிக்கொண்டு, இப்போது தினமும் காலையில் அவருக்குக் காபி போட்டுத் தருகிறாள்.

காகிதம் இல்லாதவர்களைப் பிடித்து நாட்டைவிட்டு அனுப்பப் போவதாக மத்திய அரசு அறிவித்தது. எங்கள் ஊழியர்களை உங்கள் வேலைக்கு அனுப்ப மாட்டோம், எங்கள் நீதிமன்றம் சொல்லாமல் எங்கள் பதிவேடு வெளியே போகாது என்று மாநில அரசு பதில் கொடுத்தது. இரண்டு பக்கமும் செய்தித்தாளில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பகலில் அந்தச் சண்டை நேராக வந்து பூட்டு சாரின் மேஜை முன்னால் நின்றது. மத்திய அதிகாரிகள் மூன்று பேர். மேலதிகாரியோ தலைவலி என்று காலையிலேயே லீவு போட்டிருந்தார். பிழைக்கத் தெரிந்த ஆள்!

"ஓரத்துல பென்சில்ல எழுதி வைக்கிறது நீங்கதானா?" மூவரில் மூத்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

பூட்டு சாருக்குப் புரிந்துவிட்டது. யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"அது... சும்மா சார். எனக்காக எழுதி வச்சது."

"யாருமே செய்யாத வேலை சார் அது. அந்தப் பேரையெல்லாம் தனியா ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"கோர்ட் ஆர்டர் இருக்குங்களா?"

"மத்திய அரசு லெட்டர் இருக்கு, பத்தாதா? இடைஞ்சல் பண்ணினா கேஸ் ஆயிடும், பாத்துக்குங்க."

அவருடைய கை தானாகச் சட்டைப்பையிலிருந்த சாவியைத் தொட்டது. ஏழாவதை மட்டும் எங்காவது ஒளித்துவிட்டு மற்ற பத்தையும் தூக்கிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தார். நினைத்ததற்கு அவருக்கே அசிங்கமாக இருந்தது. கடைசியில் அவரைத் தடுத்ததும் பயம்தான். விதியை மீறிப் பதிவேட்டைக் கொடுத்தால் நாளைக்கு யாராவது கேட்பார்களே!

"சார், நான் மாநிலத்து ஊழியன். உங்க வேலையை நான் செய்யக் கூடாது. எங்க கோர்ட்ல ஆர்டர் வாங்கிட்டு வாங்க, நானே கதவைத் திறந்து விடறேன்."

மூத்தவர் கோபப்படவில்லை. நிதானமாக எழுந்தார்.

"திங்கக்கிழமை வாங்கிட்டே வரோம். உங்க மருமகளைக் கேட்டதாச் சொல்லுங்க."

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் தொலைபேசி அடித்தது. மாநிலத் தலைநகரிலிருந்து துறைச் செயலாளரே பேசினார்.

"சபாஷ்! நம்ம மாநிலத்தோட மானத்தைக் காப்பாத்திட்டீங்க!"

பூட்டு சாருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. முப்பது வருஷத்தில் அவரை யாரும் பாராட்டியதே கிடையாது.

"ஒரு சின்ன விஷயம்," என்றார் செயலாளர். "அந்தப் பென்சில் குறிப்பையெல்லாம் ஒரு நகல் எடுத்து நமக்கு அனுப்பிடுங்க."

"நமக்கு எதுக்குங்க அது?"

"இருக்கட்டுமே. நாளைக்கு யாராவது கேட்டா?"

போனை வைத்தார். மேஜை டிராயரிலிருந்து ரப்பரை எடுத்தார். ஆவண அறைக்குள் போய், உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். ஏழாவதிலிருந்து தொடங்கவில்லை, முதல் பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார். எழுதச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை, அழித்தால் மட்டும் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நம்பத்தான் முடியவில்லை. ரப்பரை அழுத்தித் தேய்த்ததில் தாள் கிழியப் பார்த்தது.

நாலு பக்கம்கூட முடிந்திருக்காது, படியில் யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. வருவது மத்திய ஆளா, மாநில ஆளா, தெரியவில்லை. பூட்டு சார் சத்தமில்லாமல் எழுந்து போய், நாலாவது தடவையாகக் கதவை இழுத்துப் பார்த்தார்.