தம்பி ரத்துச் செய்த அறை

சுவிஸின் திரிம்பாக்கில் ஞானேஸ்வரி கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். பெயர் சும்மா வரவில்லை. கோயிலில் யாராவது கேட்காமல் கொள்ளாமல் அவளுடைய சக்கர நாற்காலியைப் பிடித்துத் தள்ளினால், "கையை எடுங்கோ" என்பாள். அன்னதானத்தில் அவளைத் தாண்டி அவளுடைய கணவன் நித்தியானந்தனிடம், "அக்கா சோறு சாப்பிடுவாவோ?" என்று கேட்ட ஒருவருக்கு, "எனக்குக் காலிலைதான் வருத்தம், வாயிலை இல்லை" என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த ஆள் சாம்பார் வாளியோடு அவளுக்குக் கிட்ட வரவே யோசித்தார்.

தொண்ணூற்றொன்றில் அகதியாக வந்தவள். பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் இருபது வருடம் நின்ற நிலையில் சமையல் வேலை செய்தாள். 2012இல் முள்ளந்தண்டில் ஒரு கட்டி. வெட்டி எடுத்தார்கள். கட்டி போனது, கூடவே இரண்டு காலும் போயின. மறுவாழ்வு நிலையத்தில் அவளைக் கொண்டுபோய் விட்டபோது, பயிற்சி கொடுக்க வந்த பெண் என்ன இலட்சியம் என்று கேட்டாள். மற்றவர்கள் நடக்க வேண்டும், கார் ஓட்ட வேண்டும் என்றெல்லாம் சொன்னார்களாம். ஞானேஸ்வரி, "ஒருத்தற்றை கையும் படாமல் கக்கூசுக்குப் போய் வர வேணும்" என்றாள். அதற்கு ஐந்து மாதம் எடுத்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கக்கூஸ் கோப்பைக்கு, திரும்ப நாற்காலிக்கு. தோள்மூட்டு விலகிவிடுமோ என்று பயந்து பயந்து பழகினாள். முதன்முதல் தனியாகப் போய், கதவைப் பூட்டி, தனியாக வெளியே வந்த அன்று விம்மி விம்மி அழுதாள். இப்போது ஓல்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொலைபேசிக்கு முன்னால் இருந்து, எந்த அறைக்கு உப்பில்லாத சாப்பாடு, எந்த அறைக்கு அரைத்த சாப்பாடு என்று எழுதிக் கொடுக்கிறாள். சம்பளம், வீடு, வேலை எல்லாவற்றையும்விட அந்தப் பூட்டிய கதவுதான் அவளுக்குப் பெரிது.

அந்தக் கதவு ஒரே ஒரு தடவைதான் அவளுக்கு இல்லாமல் போனது. அது அவளுடைய தம்பி குகதாசனின் வீட்டில். 2014இல் அவன் பிரெஞ்சு நகரமான ஸ்ட்ராஸ்பூரில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடிபூரலுக்குக் கூப்பிட்டிருந்தான். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. நான்கு ஆண்கள் அவளை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஒருவன், "பார்த்து, பார்த்து, சரியுது" என்றான். கக்கூஸ் கதவு அறுபது சென்ரிமீற்றர். அவளுடைய நாற்காலி அறுபத்தைந்து. தம்பி மனைவி ஜெயந்தி இரண்டு கையாலும் தூக்கி, இழுத்து, இருத்தி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். முதல் தடவைக்குப் பிறகு ஞானேஸ்வரி தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். இரண்டு நாள். திரும்பி வந்த அன்றே காய்ச்சல், சிறுநீரில் கிருமி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. ஒன்பது நாளும் நித்தியானந்தன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தான். இனி ஒருக்காலும் அந்தப் படி ஏறமாட்டேன் என்று அவள் சொன்னபோது, "ஏற வேண்டாம்" என்று சொன்னவனும் அவன்தான்.

2018இல் குகதாசனின் மகள் ரிஷானிக்குக் கலியாணம் சரிவந்தது. ஞானேஸ்வரி மூன்று மாதம் முன்னதாகவே ஹோட்டல் தேடத் தொடங்கினாள். இந்தத் தேடுதலைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு இன்றைக்கும் மூக்கு விடைக்கும். சக்கர நாற்காலிக்கு ஏற்ற அறை என்றால் அது அரசியல்வாதிகள் நிற்கிற ஹோட்டலில்தான் இருக்கிறது. கால் போனவனுக்குக் காசு மட்டும் முளைக்கும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. விலை குறைந்த ஹோட்டல் ஒன்று இணையத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்தது. போன் எடுத்துக் கேட்டால் வாசலில் இரண்டு படி. "இரண்டே இரண்டுதான், மதாம்" என்றான் அந்த மகராசன்.

கடைசியில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில், டிராம் தரிப்பிடத்துக்கு நேர் எதிரே ஒன்று அகப்பட்டது. ஆடம்பரம் எதுவும் இல்லை, விலை அவள் கைக்கு எட்டியது. அவளுடைய நொண்டிப் பிரெஞ்சைக் கேட்ட கவுன்டர் பெண், "நீங்கள் சுவிஸோ?" என்று கேட்டுவிட்டு அந்தப் பகுதிப் பேச்சான அல்சாஸ் ஜெர்மனுக்கு மாறினாள். ஞானேஸ்வரி குசினியில் படித்த சுவிஸ் ஜெர்மனும் அதுவும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் போல. இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது. அந்தப் பெண் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தானே அறைக்குப் போய் அளந்து சொன்னாள். கதவு எண்பத்தெட்டு. கோப்பைக்கு இரண்டு பக்கமும் கைபிடி. குளிக்கிற இடத்தில் விளிம்பு கிடையாது. அப்படி இரண்டே இரண்டு அறைதான் அங்கே இருந்தது. ஞானேஸ்வரி ஒன்றைப் பதிந்தாள்.

செய்தி கேட்டுக் குகதாசன் போன் எடுத்தான்.

"அக்கா, உனக்கென்ன விசரோ? தம்பி வீடு இருக்கேக்கை ஹோட்டலிலை நிக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்? அக்காவும் தம்பியும் கோவம் எண்டெல்லோ கதைக்கும்."

"கதைக்கட்டும். உன்ரை வீட்டுக் கக்கூஸ் கதவு அறுவது."

"அதுக்கென்ன, ஜெயந்தி பிடிச்சு விடுவாள்தானே."

"என்னை ஒருத்தரும் பிடிச்சு விட வேண்டாம். நான் ஹோட்டலிலைதான் நிப்பன்."

"சரி, சரி, உன்ரை விருப்பம்" என்றான் அவன். இவ்வளவு கெதியில் தம்பி ஒன்றுக்கு ஒத்துக்கொண்டது அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

கலியாணத்துக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், பாசலில் ரெயில் மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். வழி முழுக்க நித்தியானந்தன் வழக்கத்துக்கு மாறாகப் பணிவிடை செய்தான். கோப்பி வேணுமோ, போர்வை வேணுமோ என்று இரண்டு தரம் கேட்டான். ஹோட்டல் வாசலில் படி இல்லை. கதவு தானாகத் திறந்தது. கவுன்டர் பெண் அவளுடைய பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றாள். முகம் ஒரு மாதிரிப் போயிருந்தது.

"மதாம், உங்களுடைய அறை செவ்வாய்க்கிழமை ரத்துச் செய்யப்பட்டிருக்கிறதே. நீங்கள் வரமாட்டீர்கள் என்றுதான் நான் நினைத்தேன்."

"ஆர் ரத்துச் செய்தது?"

"ஒரு மொசியே போன் எடுத்தார். உங்கள் தம்பி என்றார். பதிவு எண்ணைச் சரியாகச் சொன்னார். நான் அன்று விடுமுறை, வேறு ஒருவர்தான் எடுத்திருக்கிறார்."

அந்தப் பதிவு எண் இரண்டு இடத்தில்தான் இருந்தது. ஒன்று அவளுடைய கைப்பைக்குள். மற்றது நித்தியானந்தனின் போனில். ஞானேஸ்வரி நாற்காலியைத் திருப்பினாள். அவன் ஒரு மூலையில் நின்று, படகுச் சவாரி பற்றிய பிரெஞ்சுத் துண்டுப் பிரசுரத்தைக் கண்ணுங்கருத்துமாகப் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது.

"இஞ்சேருங்கோ, நம்பரை நீங்களோ குடுத்தது?"

"அவன் கேட்டவன், ஞானம். கலியாண வீடு. மாப்பிள்ளை பகுதிக்கு முன்னாலை மச்சானை விட்டுக்குடுக்க ஏலுமோ?"

"என்னை விட்டுக்குடுக்க ஏலுமோ?"

அவன் பிரசுரத்தை நாலாக மடித்தான். தம்பி செய்தது தம்பியின் புத்தி. அவனுக்குச் சனத்தின் வாயைத் தவிர வேறு தெய்வம் கிடையாது. ஆனால் ஒன்பது நாள் கட்டிலில் தொங்கிய அவளுடைய சிறுநீர்ப் பையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்த மனுசன், எல்லாம் தெரிந்த மனுசன், ஒரு போனில் அவளுடைய கதவைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ரெயிலில் கோப்பி வேணுமோ என்று கேட்டிருக்கிறான். அந்தக் கோப்பியை அவன் முகத்தில் ஊற்றாமல் குடித்துவிட்டேனே என்றுதான் அவளுக்கு இப்போது இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குகதாசன் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தான். பின்னால் கலியாண மண்டபம் சோடிக்க வந்த நான்கு ஆண்கள். ஒருவன் கையில் வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை.

"வா அக்கா, வான் வெளியிலை நிக்குது. எனக்குத் தெரியும் நீ பேசுவாய் எண்டு. பேசு, வீட்டை வந்து ஆறுதலாப் பேசு. ஆக்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன், ஒரு கஷ்டமும் இல்லை, நாலு பேர் தூக்குவம்."

"நாலு பேர் தூக்கிறது செத்தாப் பிறகு. நான் இன்னும் சாகேல்லை."

"ஏன் அக்கா இப்பிடிக் கதைக்கிறாய்? நான் உன்னிலை உள்ள பட்சத்திலைதானே செய்தனான்."

"குடிபூரல் அண்டைக்கு உன்ரை புதுச் சோபா நனைஞ்சது, ஞாபகம் இருக்கோ? ஜெயந்தி என்ன சொன்னவள்?"

"ஜூஸ் ஊத்துப்பட்டது எண்டு."

"ஜூஸ் இல்லை. நான். ரெண்டு நாள் தண்ணி குடியாமல் அடக்கி அடக்கி, கடைசியிலை உன்ரை விருந்தாளியளுக்கு நடுவிலை இருந்து நனைச்சுப்போட்டன். உன்ரை மனிசி மெத்தையைத் திருப்பிப் போட்டாள். அத்தானுக்கும் தெரியும். நாப்பத்தெட்டு வயசிலை, தம்பி. சபைக்கு நடுவிலை."

கதிரை வைத்திருந்தவன் அதை மெதுவாகக் கீழே வைத்தான். மற்ற மூவரும் நிலத்தைப் பார்த்தார்கள். குகதாசனின் முகம் கறுத்துப் போனது. ஆனால் அவன் சொன்னது இதுதான்:

"அக்கா, ஆக்களுக்கு முன்னாலை இப்பிடியோ கதைக்கிறது?"

"ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தது நீ."

கவுன்டர் பெண் வெளியே வந்து, ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு ஞானேஸ்வரிக்கு முன்னால் உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று அல்சாஸ் ஜெர்மனில் கேட்டாள். ஞானேஸ்வரி சொன்னாள். எங்கள் ஆட்களுக்குச் சொந்தக்காரன் வீடு இருக்கும்போது ஹோட்டலில் நிற்பது மானக்கேடு, அந்த மானத்தைக் காப்பாற்ற என்னை மூன்று மாடி தூக்கப் பார்க்கிறார்கள் என்றாள். இருபத்தைந்து வருடம் அந்த ஊரில் இருந்தும் குகதாசனுக்கு அந்தப் பேச்சு ஒரு மண்ணும் விளங்கவில்லை. என்ன கதைக்கிறீர்கள் என்று பிரெஞ்சில் குறுக்கே கேட்டான்.

"மதாமோடு பேசிக்கொண்டிருக்கிறேன், மொசியே" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்த இரண்டு அறைகளில் ஒன்றில் நாற்காலிக்காரர் ஒருவர் இருந்தார். மற்றது நடக்கக்கூடிய ஒரு தம்பதிக்குக் கொடுபட்டிருந்தது. அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. அந்தப் பெண் கணினியில் எதையோ தட்டினாள், போனில் யாரோடோ கதைத்தாள். தம்பதியின் பதிவு ஐந்தாம் மாடிக்கு மாறியது. திறப்பு அட்டையை எடுத்து வந்து ஞானேஸ்வரியின் கையில்தான் வைத்தாள்.

நித்தியானந்தன் பெட்டியைத் தூக்கினான். "ரெண்டு கட்டில் இருக்குதாம்" என்றான் தணிந்த குரலில்.

"நீங்கள் தம்பி வீட்டை போங்கோ. மச்சானை விட்டுக்குடுக்கக் கூடாது."

"ஞானம், நீர் தனிய..."

"அதுக்குத்தானே ஐஞ்சு மாசம் பழகினனான். போங்கோ."

அவன் போனான். அவள் அறைக்குள் போய் எல்லாவற்றையும் தன்னுடைய கையாலேயே அளந்து பார்த்தாள். அந்தப் பெண் ஒரு சென்ரிமீற்றர்கூடப் பொய் சொல்லவில்லை.

அடுத்த நாள் அவள் தானே குளித்து, கட்டிலில் படுத்துப் புரண்டு ஒரு மணித்தியாலம் மினக்கெட்டுச் சேலை உடுத்தி, டிராம் ஏறி மண்டபத்துக்குப் போனாள். ரிஷானியின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். பிள்ளையில் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. நித்தியானந்தன் கழுத்தைத் திருப்ப முடியாமல் ஒரு தூணோடு நின்றான். தம்பி வீட்டில் விருந்தாளிகள் நிறைந்து, அவனுக்குச் சோபாதான் கிடைத்ததாம். அவள் அவனைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளையின் பெரியம்மா தில்லைநாயகி, அவரும் சுவிஸில் வில் என்ற ஊரிலிருந்து வந்தவர், இரண்டு ஊன்றுகோலோடு வந்து எதிரே உட்கார்ந்தார். குகதாசன் ஓடிவந்து அவருக்கு வடை வைத்தான்.

"உங்கடை அக்கா உங்களோடைதானே நிக்கிறா?" என்று கேட்டார் அவர்.

குகதாசன் ஒரு சிரிப்புச் சிரித்தான். "எங்கை! அக்கா பெரிய சுவிஸ்காரியெல்லோ. எங்கடை வீடெல்லாம் அவவுக்குக் காணாது, ஹோட்டல்தான் வேணும்."

மேசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஞானேஸ்வரி கரண்டியை வைத்தாள். அறையைப் பறித்தது போதாதென்று, இப்போது அவளைத் திமிர் பிடித்தவளாக்கி அல்லவா தன் மானத்தைக் காப்பாற்றுகிறான்!

"வீடு காணும், அம்மா" என்றாள் தில்லைநாயகியைப் பார்த்து. "மூண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. கக்கூஸுக்குள்ளை என்ரை கதிரை போகாது. எனக்கு மூத்திரம் போக ஒரு இடம் வேணும், அதுக்குத்தான் ஹோட்டல்."

சிரிப்பு நின்றது. "மெதுவாக் கதை அக்கா" என்று குகதாசன் பல்லைக் கடித்தான். தில்லைநாயகி வடையைத் தொடவில்லை. ஊன்றுகோல் இரண்டையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"என்னையும் நேற்று மாப்பிள்ளை வீட்டிலை நாலாம் மாடிக்கு ஏத்திப்போட்டினம், பிள்ளை" என்றார். "முழங்கால் ரெண்டும் போச்சு. காலமை இறங்கின நான், திரும்ப எப்பிடி ஏறுறது எண்டு பயத்திலை இன்னும் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கேல்லை. ஆருக்குச் சொல்லுறது? சொன்னால் எங்கடை வீடு பிடிக்கேல்லையோ எண்டு கேப்பினம். அந்த ஹோட்டலின்ரை போன் நம்பர் இருக்கோ உம்மட்டை?"

"தம்பியிட்டைக் கேளுங்கோ" என்றாள் ஞானேஸ்வரி. "நம்பர் அவனிட்டை இருக்கு."