வலது காலுக்கு மட்டும்

மகள் பந்தடிக்கப் போய்க் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு வந்தாள். நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டு அடுப்பில் வைத்தேன். வாசனை எழும்பியதும், வெளிநாட்டில், மோர்டனில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக் குசினி கண்முன் வந்து நின்றது.

ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களின் உதைபந்தாட்ட அணியில், நான் பிறக்க முதலே பெனால்டி அடிப்பது அப்பாதான். ஞாயிறு காலையில் அம்மா இந்த எண்ணெயைக் காய்ச்சி அவருடைய வலது காலில் மட்டும் தேய்த்துவிடுவார். "அடிக்கிற காலுக்குத்தான் மரியாதை" என்பார் அப்பா.

ஒரு வருடம், சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் அணித்தலைவர் வீட்டுக்கு வந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தார். தேத்தண்ணி ஆறும்வரை வேறு கதை கதைத்துவிட்டு, "அண்ணை, இந்தமுறை உங்கட இடத்திலை இளம் பெடியளை விளையாட விடுவம்" என்றார்.

"ஓம், அதுதான் சரி" என்றார் அப்பா. வந்தவர் போனபின் என்னிடம், "அம்மாட்டைச் சொல்லாதை பிள்ளை" என்றார்.

மறுநாளும் அம்மா எண்ணெய் காய்ச்சினார். அப்பா வலது காலை நீட்டினார். பிறகு சப்பாத்துப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

பின்னேரம் அவர் திரும்பியதும் அம்மா வழமைபோல் சப்பாத்தைக் கழுவ எடுத்தார். அன்று பகல் முழுக்க மழை. சப்பாத்தில் சேறே இல்லை. அம்மா குழாயைத் திறந்து, நெடுநேரம் அந்தச் சப்பாத்தைக் கழுவிக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறும் அம்மா எண்ணெய் காய்ச்சினார். அப்பாவின் இரண்டு காலிலும் தேய்த்தார்.

"அம்மா, மற்றக் கால் நோகேல்லை" என்று மகள் சொன்னபோதுதான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தேன்.