முங்காத பொடி

தேநீர்க் கடையில் யாருடைய தண்ணீர் டம்ளரும் அய்யாதுரையின் கைக்குத் தப்பாது. சட்டைப் பையிலிருந்து சின்னச் சீசாவை எடுத்து ஒரு சிட்டிகை அலுமினியப் பொடியைத் தூவுகிறார். பொடி முங்காமல் மிதக்கிறது. தண்ணீருக்கு வெள்ளித் தாள் ஒட்டியதுபோல் ஆகிறது. அடுத்து, ஓர் ஊசியைத் தம் எண்ணெய்த் தலையில் தேய்த்து நடுவே தொடுகிறார். பொடி மொத்தமும் பயந்து ஓரத்துக்கு ஓடுகிறது.

"பாத்தீகளா? அந்த எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. அதுக்கு எம்புட்டு அதிகாரம் பாருங்க" என்கிறார். டம்ளருக்கு உரியவர் தாகத்தோடு எழுந்து போகிறார்.

சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் அவர் கெமிஸ்ட். மதுரையில் படித்த பி.எஸ்ஸி. உட்காரத் தெரியாதவர். ஐம்பத்தைந்து வயதில் அவருக்கென்று போட்ட நாற்காலியில் ஆறு வருஷமாக அவருடைய குடைதான் உத்தியோகம் பார்க்கிறது. பஸ் காலியாக இருந்தாலும் ஏழாயிரம்பண்ணை வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "தாலி கட்டுறதுக்கு உக்காந்தாக. அதுக்குப் பெறகு நான் பாக்கல" என்கிறார் மனைவி பொன்னுத்தங்கம்.

இத்தனை பரபரப்பும் ஒரு சட்டைக்காக. அலுமினியப் பொடி அரைக்கும்போது கொஞ்சம் கொழுப்பு மெழுகு சேர்ப்பார்கள். அது ஒவ்வொரு துகளின் மேலும் ஒரே ஒரு மூலக்கூறின் கனத்துக்குப் படிகிறது. "யாரும் நிறுத்தவேண்டாம், தானா வரிசையில நிக்கும். தலை உலோகத்தப் புடிச்சிக்கிடும், வாலு வெளிய நிக்கும். ரேஷன் கடையில இந்த ஒழுங்கு உண்டா?" அந்தச் சட்டை ஈரத்தை அண்டவிடாது; பொடி மிதப்பதும் அதனால்தான். சட்டையில்லாத பொடியை மழைக்காலத்தில் வெடியுப்போடு கலந்தால் தானாகவே சூடேறும். அப்புறம் தீக்குச்சி தேவையில்லை.

முதலாளி தனுஷ்கோடியோ விருதுநகர்ப் பருப்பு வியாபாரக் குடும்பம். தண்ணீரில் போட்டால் மிதப்பது சொத்தை, முங்குவது நயம் சரக்கு. மூன்று தலைமுறையாகப் பருப்பை இப்படித்தான் பார்த்து வாங்கினார்கள். போன புரட்டாசியில் அலுமினியப் பொடியையும் அப்படியே பார்த்து ஒரு டிரம் வாங்கிவந்துவிட்டார். வெளியே மழை.

"நீங்க மிதக்கவிட்டது பூராம் சொத்தையில்லா தம்பி? இது பாருங்க, கல்லு மாதிரி முங்குது."

"அண்ணாச்சி, இதுக்குச் சட்டை இல்ல. இதக் கலந்தா மொக்கைச்சாமி வீடு திரும்பமாட்டாரு."

"தீபாவளி ஆர்டர் நிக்குது. அந்தச் சட்டை எங்கன இருக்கு? காட்டுங்க, பாப்போம்."

காட்டக்கூடிய சட்டையா அது? அய்யாதுரை தம் சீசாப் பொடியை ஒன்பது டம்ளர்களில் தூவினார். ஒன்பதிலும் மிதந்தது. ஒன்பது முறையும் முதலாளி "சொத்தை" என்றார்.

மருந்து கலக்கும் மொக்கைச்சாமி சல்லடையோடு வாசலில் நின்றார். "சீக்கிரமா முடிவச் சொல்லுங்கய்யா. செத்தாலும் சாப்புட்டுட்டுச் சாவணும்லா."

"ஏலே, டிரம்மத் தூக்கு" என்றார் முதலாளி.

மொக்கைச்சாமி குனிந்தார். அய்யாதுரை நாற்காலியிலிருந்த குடையை எடுத்தார். டிரம்மின் மூடிமேல் ஏறி, செருப்பைக் கீழே உதிர்த்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.