புளிச்சக்கைக் கிண்ணம்

காலை நேரத்தில் மனிதர்கள் சாப்பிடுவதைப் பல வருஷமாக நின்று பார்த்தவன் நான். பார்த்ததில் பாதியைச் சொன்னால் உங்களுக்கு இட்லி இறங்காது. சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவி, அந்தத் தண்ணீரிலேயே காறித் துப்புகிறவன் ஒருவன். பல்லில் மாட்டிய கறிவேப்பிலையை எடுத்து மேசைக்கு அடியில் தடவுகிறவன் ஒருவன். பேருக்குப் பின்னால் இரண்டு பட்டம் போட்ட ஒரு பெரிய மனிதர் சட்னி வாளிக் கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பு கம்மி" என்று சொல்லி, திரும்ப வாளிக்குள்ளேயே போட்டார். அவர் கண் எதிரிலேயே அந்த வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தேன். ஏன் கவிழ்த்தேன் என்றுகூட அவருக்குப் புரியவில்லை. "என்ன பெரியவரே, கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

ஆம்பூரிலிருந்து மாதனூர் போகிற வழியில் இருக்கிறது என் கடை. ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் ஒரு தோசைக் கல்லுமாக ஆரம்பித்தேன். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. பேங்க்காரன் கையெழுத்துப் போடச் சொன்னால் நிதானமாகத்தான் போடுவேன். ஆனால் இன்றைக்கு மேலே மாடி, கீழே கடை, பின்னால் மாவு அரைக்கும் கூடம் எல்லாம் என்னுடையது. ஒருத்தன் காலிலும் விழுந்து வாங்கியது கிடையாது. என் பெண்டாட்டி வைத்த சாம்பாருக்காக வாலாஜாபேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு. இந்த ரோட்டில் அதை மிஞ்ச ஆள் இல்லை. இப்போது அவளுக்கு மூட்டு வலி. மகன் கல்லில் நிற்கிறான், மருமகள் சமையல் பார்க்கிறாள், நான் கல்லாவில் உட்காருகிறேன்.

கடை போடுவதற்கு முன்னால் நான் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தவன். பச்சைத் தோலைத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிர் கழன்றதும் இழுத்து வெளியே போடுகிற வேலை. அந்த நாற்றம் சோப்பு போட்டால் போகாது. நகத்துக்குள், மூட்டு மடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி வேலை முடிந்து காலையில் ஓட்டலுக்குப் போனால், "நாத்தம் அடிக்குது, வெளிய நின்னு வாங்கிக்க" என்பார்கள். மழையில் நின்றுகொண்டு இலையில் வாங்கித் தின்றிருக்கிறேன். நாற்றம் ஒரு காரணம். இன்னொரு காரணம் இந்த ஜில்லாவில் எல்லாருக்கும் தெரியும், அதை நான் எழுத வேண்டியதில்லை.

அதனால் என் கடையில் வாசலை ஒட்டிய முதல் மேசை, காற்று வருகிற மேசை, தோல் ஷாப்பு ஆட்களுக்கு. தோலோடு சுற்றுகிற பெரிய மர டிரம்மில் வேலை செய்கிறவர்கள் ராத்திரி ஷிப்ட் முடிந்து நேராக வருவார்கள். அவர்களுக்காக நான் ஒரு காரியம் செய்தேன். சாம்பாருக்குப் புளி கரைத்தால் சக்கை மிஞ்சும் அல்லவா? அதை ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, கை கழுவுகிற குழாய் அருகில் வைத்தேன். ஒரு பிடி எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினால், சோப்புக்கு அடங்காத நாற்றம் புளிக்கு அடங்கிவிடும். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன். வெளியூர் லாரிக்காரர் ஒருத்தர் ஒருமுறை அதைத் தோசைக்குத் தொட்டுத் தின்றுவிட்டு, "தொக்கு நல்லா இருக்குதுண்ணா, நார்தான் ஜாஸ்தி" என்றார். டிரம் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்தார்கள்.

ரோடு அகலமானதும் கார்கள் நிற்க ஆரம்பித்தன. கார்காரர்கள் வந்ததும் மகனுக்குப் புத்தி மாறியது. ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"நைனா, இத பாரு. நம்ம கிண்ணத்த எவனோ போட்டோ புடிச்சி நெட்டுல போட்டிருக்கான்."

"இன்னா எழுதியிருக்கான்?"

"கை கழுவுற எடத்துல குப்ப கெடக்குது, உள்ள பீ நாத்தம்னு. ஒரு ஸ்டார்தான் குடுத்திருக்கான்."

"நம்ம ஆளுங்க வேலை செஞ்ச நாத்தம்டா அது. அவன் போட்டுக்கினு வந்த ஷூ எந்த நாத்தத்துலேர்ந்து வந்துச்சாம்?"

"அதெல்லாம் அவன்கிட்ட பேச முடியாது நைனா. காலம் மாறிப்போச்சு."

நான் வேலூருக்குக் கண் பரிசோதனைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தபோது கிண்ணம் இல்லை. குழாய்க்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் திரவ சோப்பு பாட்டில் நின்றது. முதல் மேசைக்கு மேலே கண்ணாடிப் பலகை போட்டு, நடுவில் பிளாஸ்டிக் பூ வைத்திருந்தான். டிரம் ஆட்களிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வந்தார்கள், குழாயைப் பார்த்தார்கள், பாட்டிலைப் பார்த்தார்கள், தின்றுவிட்டுப் போனார்கள். மறுநாளிலிருந்து வரவில்லை.

வியாபாரம் குறையவில்லை, கார்கள் நிறைய வந்தன. ஆனால் எவன் என்னை வெளியே நிற்க வைத்தானோ அவன் கடை மாதிரி என் கடையும் ஆகிப்போனது. அந்த ஆட்கள் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் இது என் கடை. இல்லையென்றால் நான் கட்டிய மாடி எனக்கு எதற்கு?

தோல் கம்பெனி வாசலுக்கு எதிரில் தள்ளுவண்டியில் அவர்கள் நின்று தின்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். டிரம் மேஸ்திரி என்னைப் பார்த்துவிட்டார். என்னைவிடக் கொஞ்சம் சின்னவர், வாய்த் துடுக்கு ஜாஸ்தி.

"வாங்க மொதலாளி! இன்னா, புளி வெல ஏறிப்போச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"யோவ், நக்கல் பண்ணாத. பையன் தெரியாம எடுத்துட்டான்."

"தெரியாம எடுத்தவரு கண்ணாடியும் தெரியாமயா போட்டாரு? சரி, அத வுடுங்கண்ணா. கையில தேச்சிக்கவும் புளி இல்ல, சாம்பார்லயும் புளி இல்ல. அப்புறம் இன்னாத்துக்கு அங்க வர்றது?"

"என் சாம்பார்ல புளி இல்லயா? யார்கிட்ட பேசற தெரியுமா? வாலாஜாலேர்ந்து பஸ்ஸு ஏறி..."

"ஏறி வந்தாங்க, தெரியும்ணா. நீங்க எப்ப கடைசியா ஊத்திக்கினீங்க?"

வயிற்றுப் புண்ணுக்காக டாக்டர் புளியை நிறுத்தச் சொல்லி, நான் காலையில் கஞ்சி குடிக்கிறவன்.

"கிண்ணத்த வெச்சிட்டு சொல்லி அனுப்புங்க. வர்றோம். இல்லன்னா இங்கயே ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பித் தின்ன ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் கேட்டேன். "ஊர்ல ஆயிரம் பேசுவாங்க, நீ கஞ்சியக் குடி" என்றாள். அவள் முகம் சரியில்லை. மகனிடம் கிண்ணத்தைத் திரும்ப வைக்கச் சொன்னேன். "கிண்ணம் வந்தா கார் வராது நைனா. எது வேணும்னு நீயே சொல்லு" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடை நிறைந்திருந்தது. வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. புருஷன், பெண்டாட்டி, புருஷனுடைய அம்மா, கையில் ஒரு குழந்தை. முதல் மேசையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவினாள். ஸ்பூனைத் துடைத்தாள், மேசையைத் துடைத்தாள், துடைத்த காகிதத்தை எல்லாம் கீழே போட்டாள். மாமியார்க்காரி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, "ஏதோ வாடை வருதேப்பா இங்க" என்றாள். என் மகன் கல்லை விட்டு ஓடிப்போய், "காத்து அந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதும்மா, கதவ சாத்தட்டுமா?" என்று குழைந்தான். பெற்ற பிள்ளை குழைவதைப் பார்ப்பது சுலபமில்லை.

சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில் குழந்தை சிணுங்கியது. அந்த மாமியார்க்காரி என்ன செய்தாள் தெரியுமா? தட்டுகளை இப்படியும் அப்படியும் தள்ளிவிட்டு, கண்ணாடி மேசை மேலேயே குழந்தையைப் படுக்க வைத்து, டயப்பரைக் கழற்றினாள். பக்கத்து மேசையில் ஒருத்தர் வடையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். இன்னொரு குடும்பம் எழுந்து போய்விட்டது. இவள் யாரையும் பார்க்கவில்லை. நிதானமாகத் துடைத்து, புதியதை மாட்டி, பழையதைச் சுருட்டி, தின்ற தட்டில் மிச்ச இட்லி மேல் வைத்து, பக்கத்துத் தட்டில் கிடந்த இலையை எடுத்து மூடினாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் காருக்குப் போய்விட்டார்கள்.

தட்டு எடுக்கிற அம்மா மாதனூரிலிருந்து வருகிறவள். இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"ஐயா, எச்சில் எடுக்கத்தான் நான் வந்தேன். இத நான் தொடமாட்டேன்."

மகன், "சரி நான் எடுக்கறேன், சத்தம் போடாத" என்று கிசுகிசுத்தான்.

"நீயும் தொடாத" என்றேன். தட்டை அப்படியே நான் எடுத்தேன். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறின கைக்கு இது ஒரு பெரிய விஷயமா? வெளியே போய்க் கார் கண்ணாடியைத் தட்டினேன்.

"சார், சாமான் ஒண்ணு வுட்டுட்டு வந்துட்டீங்க."

புருஷன்காரன் எட்டிப் பார்த்தான். "அது வேஸ்ட், பெரியவரே. டஸ்ட்பின்ல போட்ருங்க."

"டஸ்ட்பின்னு அதோ வாசல்ல இருக்குது. அத தாண்டித்தான வந்தீங்க?"

"குழந்தை சமாச்சாரம். இதுக்குப் போய் இப்படிப் பேசறீங்களே!"

"கொழந்த மேல எனக்கு இன்னா கோவம்? அதுக்கு அது சாப்பிடற மேசைன்னு தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

பின்சீட்டிலிருந்து மாமியார்க்காரி, "நான் அப்பவே சொன்னேன், இந்த மாதிரி எடம் வேண்டாம்னு. நுழைஞ்சதுலேர்ந்து நாத்தம்" என்றாள்.

தட்டை அவள் பக்கத்து ஜன்னலுக்குக் கொண்டுபோய், இலையைத் தூக்கினேன். "எந்த நாத்தம்மா? இதுவா பாருங்க."

கடையில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். யாரோ கை தட்டினார்கள். அவன் இறங்கி, இரண்டு விரலால் அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காரை எடுத்தான். அந்தத் தட்டைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டேன்.

உள்ளே வந்தால் மகன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். "ரேட்டிங் போச்சு நைனா."

"போவட்டும். கிண்ணத்த எடுத்துக்கினு வா."

அவன் எழுந்து கல்லுக்குப் போனான். சமையல்கட்டிலிருந்து மருமகள்தான் சொன்னாள். "கிண்ணம் இருக்குது மாமா. சக்கைக்கு எங்க போறது? கிண்ணத்த எடுத்ததுலேர்ந்து நாம டப்பா புளி பேஸ்ட்தான ஊத்தறோம்."

அலமாரியைத் திறந்து பார்த்தேன். வரிசையாக நின்றன பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒன்றைத் திறந்து மோந்தேன். மருந்துக்கடை வாசனை வந்தது. டயப்பரைக் கையில் ஏந்தியபோது வராத குமட்டல் எனக்கு அப்போது வந்தது. பெண்டாட்டி தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு கை மூட்டெல்லாம் வலி, மருமவளுக்கும் தனியா கரைக்க முடியல. சொன்னா நீ கத்துவ" என்றாள். இத்தனை மாதம் கல்லாவில் உட்கார்ந்து, என் சாம்பார், என் சாம்பார் என்று வந்தவனிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மேஸ்திரி நாக்கு சொன்னது நிஜம்.

டப்பா எல்லாவற்றையும் வெளியே எறிந்தேன். மறுநாள் விடியுமுன் எழுந்து புளியை ஊறவைத்து நானே கரைத்தேன். என் கை பெரிய கை, தொட்டியில் தோல் இழுத்த கை. ஒரு தடவை பிழிந்ததில் சாறு வேறு சக்கை வேறாக வந்தது. மருமகள் நின்று பார்த்துவிட்டு, "நாளைலேர்ந்து நான் கரைக்கறேன் மாமா, நீங்க எல்லாத்தயும் செவுத்துல தெளிக்கறீங்க" என்றாள். கிண்ணத்தைக் குழாய் பக்கத்தில் வைத்து, தள்ளுவண்டிக்கு ஆள் அனுப்பினேன்.

ஷிப்ட் முடிந்து வந்தார்கள். மேஸ்திரி கிண்ணத்தில் கை விட்டு, முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவி, கையை மோந்து பார்த்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். முதல் மேசையை நான் வெந்நீரும் பினாயிலும் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, பளபளவென்று போட்டிருந்தேன். நாற்காலியை இழுத்துவிட்டு, "உக்காருய்யா, உன் எடம்" என்றேன்.

மேஸ்திரி இரண்டு அடி பின்னால் போனார்.

"அந்த மேசையா? ஐயய்யோ, வேணாம்ணா! அதுல இன்னா நடந்துச்சின்னு ஆம்பூர் வரைக்கும் தெரியும்."

"கழுவிட்டேன்யா!"

"நீங்க கழுவுனீங்க. என் மனசு கழுவலயே. நாங்க சுத்தபத்தமா சாப்பிடற ஆளுங்கண்ணா."

எல்லாரும் சிரித்தார்கள், மகன்கூடச் சிரித்தான். அவர்கள் இரண்டாம் மேசையில் உட்கார்ந்தார்கள். அங்கேயும் காற்று வருகிறது. மேஸ்திரி சாம்பாரை ஊற்றிக்கொண்டு தின்றார், வாளியை இன்னொரு தடவை கேட்டார்.

இரண்டாம் மேசை இப்போது அவர்களுடையது. மகன் அதற்குக் கண்ணாடி போடவில்லை. கிண்ணம் குழாய் பக்கத்தில் இருக்கிறது. அந்த முதல் மேசையைக் கார்காரர்களுக்கு விட்டுவிட்டேன். வந்து உட்கார்ந்து, டம்ளரைத் துடைத்து, ஸ்பூனைத் துடைத்து, கண்ணாடியைத் தடவிப் பார்த்து, "இந்த டேபிள் மட்டும்தான் நீட்டா இருக்கு" என்கிறார்கள். நான் கல்லாவிலிருந்து ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.