டாக்டரம்மாவைப் பாஸ் பண்ண வைத்த கதை

ஒரு தலைமை ஆசிரியரின் சட்டைப் பையை வாயோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். எனக்கு நோய் தெரிந்தது அப்படித்தான். அவர் என் கடையிலேயே சட்டையைப் போட்டுப் பார்த்து, பேனாவைப் பையில் செருகினார். பேனா தரையில் விழுந்தது. மறுபடியும் செருகினார், மறுபடியும் விழுந்தது. "இந்தப் பையில யாரும் கை வைக்க முடியாதுங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

தருமபுரிக்குச் சற்று வெளியே, பாலக்கோடு சாலையில் எனக்குத் தையல் கடை. சின்ன வயதில் அம்மை போட்டதில் இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் தைத்தேன். இரண்டு கண் உள்ளவர்களைவிட நேராகத் தைக்கிறேன் என்று கர்வம் வேறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு ஐம்பது வயது தாண்டியபோது, அந்தக் கண்ணிலும் மூடுபனி இறங்கியது.

"கண்ணாடியத் தொடைச்சுப் போடுங்க" என்றாள் மனைவி அந்தோணியம்மா.

"நான் கண்ணாடியே போடலயே."

அதன்பிறகு அவள் என்னைப் பேசவிடவில்லை. கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கண்புரை (கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெளுத்துப்போவது) என்றார்கள். இருப்பது ஒரே கண் என்பதால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அறுத்தார்கள்.

அறுவைக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வலி பெரிதில்லை. அதற்குப் பிறகு படுத்துக் கிடப்பதுதான் பெரிது. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, கண்ணைக் கட்டி, அசையாதே, இருமாதே, சிரிக்காதே என்றார்கள். முதல் இரண்டையும் எப்படியோ சமாளித்தேன்.

வெளுத்த வில்லையை எடுத்துவிட்டால் அதன் வேலையைச் செய்ய சோடாப்புட்டிக் கண்ணாடி வேண்டும். அதைப் போட்டவுடன் உலகம் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. நீலம் அவ்வளவு நீலமாக இருந்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்து, "எப்ப இவ்ளோ பெருத்த?" என்று கேட்டுவிட்டேன். அன்று கஞ்சி தாமதமாகத்தான் வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது இளம் டாக்டரம்மா ஒருவர் எங்களிடம் பேசினார். "ஆபரேஷன் ஆன கண்ணு ஒரு வருஷம் வரைக்கும் எப்படி இருக்கு, யாருக்கு என்ன தொந்தரவு வருது, அது ஏன் வருதுன்னு ஆராய்ச்சி பண்றேன். கார்டு போடுவேன், மறக்காம அதே பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க. இதை முடிச்சாத்தான் எனக்குப் பட்டம்."

அந்த முகாமிலிருந்து வந்து அறுத்துக்கொண்டவர்கள் நாங்கள் பதினான்கு பேர். எங்கள் காதில் தங்கியது கடைசி வாக்கியம் மட்டும்தான். கண்ணைத் திருப்பித் தந்த பெண்ணுக்குப் பரீட்சை. எங்களால் அது ஃபெயில் ஆகிவிடக் கூடாது.

ஆறாவது வாரம் முதல் சோதனை. எழுத்துத் தெரியாதவர்களுக்கான அட்டை அது. மூன்று கால் நீட்டிய ஆங்கில E எழுத்து வரிசை வரிசையாக, கீழே போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும். கால் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று கையால் காட்ட வேண்டும். நான் கடைசி வரி வரை உண்மையாகவே பார்த்துக் காட்டினேன். தையல்காரன் மூளை, அளவெடுத்தால் மறக்காது. அட்டை முழுவதும் மனதில் பதிந்துவிட்டது.

ஆறாவது மாதம் இரண்டாவது சோதனை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பாலக்கோட்டுப் பக்கத்துத் தக்காளிக்காரர் முனியப்பன் புலம்பினார்.

"கடைசி வரி எனக்கு எறும்பாட்டம் தெரியுதுப்பா. பாவம் அந்தப் புள்ள, என்னால மார்க்கு போயிடும்."

"நான் எதுக்கு இருக்கேன்? மேல, வலது, கீழ, கீழ, இடது. சொல்லு பாக்கலாம்."

பெஞ்சு முழுவதும் மனப்பாடம் ஆனது. பதினான்கு பேரும் கடைசி வரி வரை வெற்றி. டாக்டரம்மா முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்து, நானே பட்டம் வாங்கியதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அன்று எனக்கே கீழ் மூன்று வரிகள் மங்கல் என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் இன்னும் சில கேள்விகள் கேட்டார். விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறதா? தெரிந்தது. "இல்லீங்க" என்றேன். புருவத்துக்கு மேல் வலி? "இல்லவே இல்லீங்க." உங்கள் குடும்பத்தில் யாருக்காவது பார்வை போனதா?

"எங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் கழுகுக் கண்ணுங்க."

என் அப்பா கடைசி நான்கு வருடம் சுவரைத் தடவித் தடவி நடந்தார். வயதாகிவிட்டது என்று நாங்கள் விட்டுவிட்டோம். அதைச் சொன்னால் மார்க் குறையும் என்று நினைத்தேன்.

அந்த முகாமில், பார்வை குறைந்தவர்களுக்கும் தொந்தரவு சொல்பவர்களுக்கும் மட்டும்தான் கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். எனக்கு அளக்கவில்லை. எல்லா விடையும் சரியாகச் சொன்னவனை எதற்கு அளப்பார்கள்?

அடுத்த ஆறு மாதத்தில் கடையின் கதவு நிலையில் இடித்துக்கொள்வது வழக்கமானது. தச்சன் நிலையைக் கோணலாக வைத்துவிட்டான் என்று திட்டினேன். "இருபது வருசமா நேராத்தான் இருக்குது. டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்றாள் அந்தோணியம்மா. சொல்லவில்லை.

ஒரு வருடம் முடிந்து கடைசி சோதனை. முனியப்பன் கண்ணாடியைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஆள் நிற்பதே தெரியாத நிலை. ஆனாலும் அட்டைக்கு முன்னால் நின்று கடைசி வரி வரை கம்பீரமாகக் காட்டிவிட்டார்.

டாக்டரம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். அடுத்தவரைக் கூப்பிட்டார். மேல, வலது, கீழ, கீழ, இடது. அதற்கடுத்தவர், மேல, வலது, கீழ, கீழ, இடது.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

பெஞ்சு மொத்தமும் என்னை நோக்கிக் கையை நீட்டியது. அந்த ஒரு தடவைதான் எல்லோரும் சரியான திசையைக் காட்டினார்கள்.

"பரீட்சை எனக்கு இல்லீங்க" என்றார் அவர். குரல் உயரவில்லை. "தெரியலன்னா தெரியலன்னு நீங்க சொல்லணும். அதைத்தான் நான் எழுதணும். இவ்ளோ நாளா நான் எழுதினது எல்லாம் பொய்."

என்னைப் படுக்கவைத்து, கண்ணை மரத்துப்போகச் செய்து, கருவிழிமேல் ஒரு சின்ன இரும்புக் கருவியை வைத்து அளந்தார். இன்னொரு தடவையும் அளந்தார். பிறகு நேராகப் பார்க்கச் சொல்லி, பக்கத்தில் கையை நீட்டினார்.

"எத்தனை விரல்?"

"எந்த விரலுங்க?"

அவர் கையைத் தாழ்த்தினார். "உங்கப்பாவுக்கு நிஜமாவே கண்ணு தெரிஞ்சுதா?"

இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன்.

கண்ணழுத்த நோய் (கண்ணுக்குள் ஊறும் நீர் வடியாமல் தேங்கி, பார்வை நரம்பை அமுக்கிச் சாகடிப்பது). குடும்பத்தில் இருந்தால் வர வாய்ப்பு அதிகம். கண் அறுவைக்குப் பின்னும் சிலருக்கு வரும். எனக்கு இரண்டு வழியும் திறந்திருந்தது. "போனது திரும்பாது. இருக்கறத விடக் கூடாது" என்றார் டாக்டரம்மா. வெளியே வந்தபோது எனக்கு ஒரு சிரிப்பும் தோன்றவில்லை. இருட்டில் ஒரு தையல்காரன் என்ன செய்வான் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தோணியம்மா அழவில்லை. "விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க இல்ல? விட வேணாம்" என்றாள்.

விடவில்லை. விரல் நுனியில் எறும்பு ஊர வைக்கும் மாத்திரைகள். கண்மணியைச் சுருக்கி, சாயங்காலம் ஐந்து மணிக்கே விளக்கேற்ற வைக்கும் சொட்டு மருந்து. அதிலும் அழுத்தம் அடங்காததால், நீர் வடிய வழிசெய்யும் இரண்டாவது அறுவை. மறுபடியும் மணல் மூட்டைகள். இந்தத் தடவை சிரிக்காதே என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டவிழ்த்தபோது நடுப்பார்வை தெளிந்திருந்தது. ஓரங்கள் இல்லை.

கண்ணாடி போட்டு நடக்க ஆரம்பித்ததும் முதலில் செய்த வேலை, பதின்மூன்று பேரையும் திரும்பச் சோதனைக்குக் கூட்டிப்போனது. நான் கெடுத்ததை நானே தைக்க வேண்டும். முனியப்பன் தக்காளித் தோட்டத்தை விட்டு நகர மறுத்தார்.

"மறுக்கா அறுப்பாங்களா?"

"உன்னை எதுக்கு அறுக்கறாங்க? என்னத்தான் அறுத்தாங்க."

"சொல்லிக் குடுத்ததுக்குத் தண்டனையா?"

"அப்படியே வெச்சுக்க."

"அப்ப வர்றேன் இரு. நீ திட்டு வாங்கறத நேர்ல பாக்கணும்."

அவருக்குக் கண்ணாடிப் பவர்தான் தவறு. மாற்றிப் போட்டதும் கடைசி வரிக்கு மேல் வரி வரை சொந்தமாகவே காட்டினார். ஒரு அம்மாளுக்கு மட்டும் அழுத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. சொட்டு மருந்திலேயே அடங்கியது. இந்த உண்மைக் கணக்கை எழுதித்தான் டாக்டரம்மா பட்டம் வாங்கினார். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் கை மிஷினில் நின்றுவிடும். என் மகளையும் வருடத்துக்கு ஒரு தடவை அழுத்தம் பார்க்க அனுப்புகிறேன். தாத்தாவைப் பற்றி முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடு என்பதுதான் அவளுக்கு என் சீர்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கலாம். சளைக்காதீர்கள். எனக்கு இப்போது காலை, மதியம் கிடையாது. முதல் சொட்டு, இரண்டாம் சொட்டு, மூன்றாம் சொட்டு, நான்காம் சொட்டு. நான்காவது விழுந்தால் ஒரு நாள் கையில் நிற்கிறது.

பார்வை ஒரு ஜன்னல் அளவு. அதில் துணி வரும், ஊசி வரும், எதிரே நிற்பவர் முகம் வரும். பக்கத்தில் இருப்பவர் வர மாட்டார், நான்தான் கழுத்தைத் திருப்ப வேண்டும். சோறு தின்னும்போது அந்தோணியம்மா எப்போதும் பக்கத்தில்தான் உட்காருவாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் நான் அவளைத் திரும்பிப் பார்த்ததைவிட, இந்தச் சில வருடத்தில் திரும்பியது அதிகம்.

"என்னாங்க, சும்மா சும்மா பாக்கறீங்க?"

"இருக்கியான்னு பாத்தேன்."

"இருக்கேன். தின்னுங்க."