கருமாதி நடக்காத வீடு

முந்திரிப் பழம் வெயிலில் அழுகும் வாசனை, தேனில் கள்ளைக் கலந்தாற்போல் இருக்கும். முதலில் இனிக்கும், பிறகு தொண்டையில் கரகரவென்று ஒட்டிக்கொள்ளும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே போட்டுவிட்டுப் போவார்கள் என்பதால், கோடை விடுமுறைக்கு நாங்கள் உடையார்பாளையம் பக்கத்தில் இருந்த அத்தையின் ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அந்த வாசனை எதிரே வந்து நிற்கும். மற்றவர்களுக்கு அது முந்திரி வாசனை. எனக்கோ, அது செத்தும் போகாமல் அலைந்துகொண்டிருந்த என் மாமாவின் வாசனை.

கொளஞ்சி அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. அவள் புருஷன் சாமிதுரை மாமாவின் தோப்பும், அவருக்குப் பெரியப்பா மகனான பரமசிவத்தின் தோப்பும் வேலியில்லாமல் ஒட்டிக்கிடந்தன. எல்லையில் நின்ற ஒரு மரம் இரண்டு பக்கமும் கிளை விரித்திருந்ததில் ஒரு காலை வாய்ச்சண்டை மூண்டு, கிளை கழிக்க வைத்திருந்த கொடுவாளைப் பரமசிவம் ஓங்கிவிட்டார். மாமாவைத் தன் மடியில் போட்டுக்கொண்டு ஊரைக் கூப்பிட்டதும் அவர்தான், உயிர் போய்விட்டது என்று தெரிந்ததும் எழுந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போனதும் அவர்தான். அத்தை மகள் தமிழரசிக்கு அப்போது ஐந்து வயது. அதற்கு முந்தின நாள்வரை அந்தப் பெரியப்பாவின் தோளில் ஏறித்தான் அவள் கடைத்தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் பந்தல் போட்டு, சொந்தபந்தம் எல்லாம் வந்து உட்கார்ந்த பிறகு, அத்தை உள்ளேயிருந்து வெளியே வந்தாளாம். அன்றைக்கு அவள் தாலியைக் கழற்றி, பொட்டை அழிக்க வேண்டும். அவளோ நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்து நின்று, "அவன் சாவுற வரைக்கும் இவருக்குக் காரியம் கெடையாது. இவரு அலையட்டும். அலைஞ்சு போயி அவனப் புடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. பந்தலைப் பிரித்தார்கள்.

இதெல்லாம் பிற்பாடு நான் காதால் கேட்டது. கண்ணால் கண்டது, அதற்குப் பிறகு வந்த கோடைகளில் அந்த வீடு இருந்த இருப்பு. செத்தவருடைய பெண்டாட்டி தினமும் மஞ்சள் தேய்த்துக் குளித்து, தாலிக்கயிற்றில் குங்குமம் வைத்துக்கொள்வாள். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்று, திருச்சி ஜெயில் இருக்கும் திசையைப் பார்த்து, "போயிட்டு வந்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்பாள். தெருவில் பெண்கள் அவளைக் கண்டால் ஒதுங்கினார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிடுவதா வேண்டாமா என்று ஊருக்கே தெரியவில்லை. ஜெயிலில் பரமசிவத்துக்கு உடம்பு சரியில்லை என்று சேதி வரும்போதெல்லாம் அத்தையின் முகம் தெளியும். "ஆரம்பிச்சுட்டாரு உங்க மாமா" என்பாள் என்னிடம், ஏதோ மாமா வயலில் உழ ஆரம்பித்துவிட்டதுபோல.

காரியம் ஆகாத உயிருக்குத் "தாகம் அடங்காது" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைத் தமிழரசி கேட்டிருந்தாள். அதனால் அவளும் நானும் பட்டப்பகலில், யாரும் பார்க்காதபோது தோப்புக்குப் போய் அந்த எல்லை மரத்தடியில் கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்துவிட்டு வருவோம். மறுநாள் அது காலியாகக் கிடக்கும். அணிலோ கீரியோ குடித்திருக்கும், அல்லது வெயிலே குடித்திருக்கும். தமிழரசியோ அந்தக் கொட்டாங்குச்சியைக் கையில் எடுத்துத் துடைத்து, மறுபடி நிரப்பி வைப்பாள். எனக்குப் பயமாக இருக்கும். அவளுக்குப் பயமே இல்லை. தன் அப்பாவுக்கென்று அவள் செய்ய மிச்சமிருந்த ஒரே வேலை அதுதான்.

எனக்குப் பதினொரு வயதான கோடையில், இனித் தேறாது என்று முடிவான பிறகு பரமசிவத்தை விடுதலை செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. கயிற்றுக் கட்டிலில் எலும்பாகக் கிடந்தார் என்றார்கள். மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பால் ஊற்றிப் பார்த்தார்கள், உயிர் பிரியவில்லை. யாரோ மனதில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கிழவர் சொன்னாராம். யார் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு மத்தியானம் பரமசிவத்தின் மனைவி அஞ்சலை அத்தை வீட்டு வாசலுக்கு வந்தாள். அத்தை முந்திரிக் கொட்டையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷம் கழித்து வந்தவள் அழவில்லை, காலில் விழவுமில்லை.

"மன்னிக்கச் சொல்லல கொளஞ்சி. அனுப்பி வச்சுடு. பாக்க முடியல" என்றாள்.

அத்தை கொட்டைகளைக் கடைசிவரை பரப்பி முடித்தாள். கை கழுவினாள். கண்ணாடி பார்த்துக் குங்குமத்தைச் சரிசெய்துகொண்டு, தாலியை எடுத்துப் புடவைக்கு மேலே விட்டுக்கொண்டு நடந்தாள். நானும் தமிழரசியும் பின்னாலேயே போனோம். எங்களை யாரும் தடுக்கவில்லை.

அந்த அறையில் இருந்தவர்கள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து எனக்கு உண்டானது பயமில்லை, ஏமாற்றம். ஊரே நடுங்கிப் பேசிய ஆள் இவ்வளவு சின்னவராகவா இருப்பார்? அவர் அத்தையைக் கண்டுகொண்டார். முதலில் அவர் கண் போனது அந்தத் தாலிக்குத்தான். அஞ்சலை குழந்தைகளுக்குப் புகட்டும் பாலாடைச் சங்கில் பாலை ஊற்றி அத்தையின் கையில் கொடுத்தாள். அத்தை அதை அவர் வாயருகே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு, ஊற்றாமல், குனிந்து கேட்டாள்.

"அவரு வந்தாரா ஒங்கிட்ட?"

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அத்தை காதைக் கிட்டே கொண்டுபோனாள். மறுபடி முயன்றார்.

"வரல" என்றார். பிறகு வெகுநேரம் மூச்சுக்குத் தவித்துவிட்டு, "தெனம் பாத்தேன்… வரல."

அந்தச் சொல்லுக்குப் பிறகு அத்தையின் கை நடுங்கத் தொடங்கியது. பால் அவள் மணிக்கட்டில் வழிந்து அவர் கழுத்தில் சொட்டியது. அவள் ஊற்றவுமில்லை, கையை எடுக்கவுமில்லை. அப்போது தமிழரசி முன்னால் போய், அம்மாவின் கையிலிருந்து பாலாடையை வாங்கி, "பெரியப்பா" என்று கூப்பிட்டு, அவர் வாயில் மெதுவாகச் சாய்த்தாள். தொண்டை ஏறி இறங்கியது. வெயில் தாழ்வதற்குள் அவர் போய்விட்டார்.

அத்தை மகளை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை. அவள் பாட்டுக்கு வீட்டுக்கு நடந்து வந்து, பரப்பின கொட்டையை வாரிக் கூடையில் போட்டாள். அன்று விளக்கு வைத்த பிறகு அவள் வாசலுக்குப் போகவில்லை.

சொன்ன சொல் மாறாமல் மாமாவுக்குக் கருமாதி நடந்தது. அப்பாதான் முன்னின்று நடத்தினார். விடியற்காலையில் பெண்கள் கூடி உட்கார்ந்து தாலியைக் கழற்றியபோது, அத்தை அடித்தொண்டையிலிருந்து ஓர் அலறல் அலறினாள். மாமா செத்த அன்றைக்கு அவள் அழவேயில்லை என்று அப்போதுதான் அம்மா எனக்குச் சொன்னாள். எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு, வெறும் நெற்றியோடு மூலையில் உட்கார்ந்திருந்தவள் அப்பாவிடம், "அவரு போகவே இல்லயாம் அண்ணே. இவ்ளோ நாளும் நான் யாரை அனுப்பிட்டு இருந்தேன்?" என்று கேட்டாள். அப்பா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகு அத்தை யாரோடும் சண்டையிடவில்லை. யாரையும் திட்டவில்லை, ஊரோடு சேர்ந்து நல்லது கெட்டதுக்குப் போய் வந்தாள். ஆனால் பகை இருந்தவரை நிமிர்ந்து நடந்த உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிப்போனது. மகளோடு பேசும்போது மட்டும் முகத்தைப் பார்க்காமல் பேசப் பழகியிருந்தாள். கோபம் என்று அதைச் சொல்ல முடியாது, ஒருவகைக் கூச்சம். நாங்கள் கல்லூரியில் படிக்கும்போது ஒரு சாதாரணக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். பழிதான் அவளைத் தின்றது என்று ஊர் சொல்லும். பழி தீர்ந்ததுதான் தின்றது என்று எனக்குத் தோன்றும். அந்த ஆள் உயிரோடு கிடந்தவரை அவளுடைய புருஷனும் எங்கோ நடமாடிக்கொண்டிருந்தார் அல்லவா.

இப்போது அந்த இரண்டு தோப்புகளும் இல்லை. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் "மைன்ஸ்" அங்கே வந்து, மரமும் எல்லையும் போய், பனைமரம் மூழ்கும் ஆழத்துக்கு வெள்ளைப் பள்ளம் கிடக்கிறது. அஞ்சலையும் இல்லை. அவள் பிள்ளைகள் எங்கே என்று தெரியாது. காரியம் செய்யாவிட்டால் உயிர் அலையும் என்று சொல்லிப் பயமுறுத்தவும் இன்றைக்கு அங்கே ஆள் இல்லை.

தமிழரசி பெரம்பலூரில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில்தான் குடியிருக்கிறாள். போன மாதம் இருவரும் அவள் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருஷமாகக் கேட்காததை அவளிடம் கேட்டேன். அன்றைக்கு ஏன் ஊற்றினாய் என்று. அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள்.

"அம்மா கை நடுங்குச்சு, அதான் வாங்குனேன்" என்றாள். "ஊத்த முடியாம நடுங்குச்சா, ஊத்த மாட்டேன்னு நடுங்குச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அம்மாவும் சொல்லல. நானும் கேக்கல."