ஆரபியின் சான்றிதழும் என் லமினேற் மெசினும்

கொக்குவிலில் யார் வெளிநாடு போகப்போகிறார்கள் என்பது வீட்டுக்காரருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். ஸ்டேசனுக்குப் போகிற வழியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கடவுச்சீட்டைக் கொப்பி எடுக்க வருவார்கள், படிவம் அச்சடிக்க வருவார்கள். திரும்பிப் போகும்போது எல்லோரும் ஒரே வசனத்தைச் சொல்லுவார்கள்: "றஜனியக்கா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ." அங்கே போய் இறங்கி ஒரு படம் அனுப்பும்வரை வாய் திறக்கக்கூடாது. திறந்தால் நாவூறு பட்டு விசா நின்றுவிடுமாம். நேற்றுவரை கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்ற ஆள் இன்றைக்குக் கனடாவில் நிற்கும். எங்கள் ஊர் வழக்கம் அப்படி.

நானும் சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்பேன். பிறகு யாருக்காவது சொல்லிவிடுவேன். என்ன செய்வது, என் வாய் அப்படி. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அதைக் கட்டி வைத்திருந்தேன். அதனால் வந்த வினை ஆரபியின் தலையில் விழுந்தது.

ஆரபிக்கு இருபத்தெட்டு வயது. எங்களுக்கு அடுத்த ஒழுங்கை. அவள் ஓ.எல். சோதனை எடுத்த வருசம் தகப்பன் மாரடைப்பில் போய்விட்டார். தாய் ஞானாம்பிகை முன்பள்ளியில் படிப்பிக்கிறா. ஆரபி கம்பியூட்டரில் பட்டம் எடுத்து, யாழ்ப்பாணம் டவுனில் ஒரு மென்பொருள் கொம்பனியில் நாலு வருசமாக வேலை. என்ன வேலை பிள்ளை என்று ஒருமுறை கேட்டேன். நோர்வேயில் இருக்கிற நாய் பூனைகளுக்கு மிருக வைத்தியரிடம் நேரம் எடுத்துக் கொடுக்கிற அப் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறாளாம். இங்கே மனிசர் ஆஸ்பத்திரியில் நம்பர் எடுக்க விடியற்காலையில் வரிசையில் நிற்கிறோம். அங்கே பூனை மெத்தையில் படுத்தபடி நேரம் எடுக்கிறது.

ஆள் கெட்டிக்காரி. ஆனால் நாலு வருசமும் அதே நாய், அதே பூனை. அதற்குமேல் வளர அந்தக் கொம்பனியில் இடமில்லை. அப்போதுதான் ஜேர்மனியில் ஒரு கொம்பனி அவளை நேர்முகம் கண்டு, வா என்று கூப்பிட்டது. ரயில்கள் நேரத்துக்கு ஓடுவதற்கு மென்பொருள் செய்கிற இடம். இவளோ தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். யுத்தம் முடிந்து, தண்டவாளம் திரும்பப் போட்டு, ரயில் கொக்குவிலைக் கடந்த அன்றைக்குப் பள்ளிக்கூடச் சீருடையோடு ஓடிப்போய்க் கை காட்டியவள். ஒப்பந்தத்தை அச்சடிக்க என்னிடம் வந்தாள். நான் பார்க்காத மாதிரி முழுவதையும் வாசித்தேன்.

"போறியோ பிள்ளை?"

"தெரியேல்லை அக்கா. அம்மா தனிய. அவவுக்கு இன்னும் சொல்லேல்லை. சொன்னால் மறிக்கவும் மாட்டா, போ எண்டும் சொல்லமாட்டா. பேசாமல் இருப்பா. அதுதான் பயமாக் கிடக்கு. நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. முக்கியமா அம்மாவுக்கு."

பதில் சொல்ல ஒரு மாதத் தவணை கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை போகிறேன் என்பாள். புதன்கிழமை, இங்கேயே வேறு வேலை தேடுகிறேன் என்பாள். வெள்ளிக்கிழமை கோயிலடியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். எதற்கும் இருக்கட்டும் என்று விசாவுக்கு வேண்டிய கடதாசிகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு என்னதான் விருப்பம் என்று கேட்டால், அதுதான் விளங்கவில்லை என்பாள். எனக்குக் கொதி வரும். நோர்வே நாய்க்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுக்கிறவளுக்குத் தன் காரியத்தை முடிவெடுக்கத் தெரியவில்லை.

இரண்டாம் கிழமை ஞானாம்பிகையக்கா கடைக்கு வந்தா. சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்த கவரைத் திறந்தா. உள்ளே ஆரபியின் பட்டச் சான்றிதழ்.

"றஜனி, இதை லமினேற் பண்ணித் தா. சுவரிலை மாட்டப் போறன்."

"ஒறிஜினலையோ அக்கா?"

"ஓம். ஏன், என்ன?"

எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிற சான்றிதழில் அரசாங்கக் கந்தோரில் முத்திரை குத்தவேண்டும். பிளாஸ்ரிக் ஒட்டியிருந்தால் குத்தமாட்டார்கள். இதை நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குச் சொன்னால், ஆரபி வெளிநாடு போகிறாளோ என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். எனக்குப் பொய் சொல்ல வராது. தாய்க்குச் சொல்லாதே என்று பிள்ளை கெஞ்சிக் கேட்டது வேறு. பொதுவாக ஒரு வார்த்தை, ஒறிஜினலை இப்படிச் செய்யக்கூடாது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து மூளை வேலை செய்யவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு சான்றிதழை மெசினுக்குள் விட்டேன். மற்றப் பக்கத்தால் பொரிக்காத அப்பளம் மாதிரி விறைப்பாக வந்தது. அக்கா அதைத் தடவித் தடவிப் பார்த்துச் சந்தோசமாகக் கொண்டுபோனா.

தவணைக்கு இரண்டு நாள் இருக்கையில், ஆரபி ஸ்கூட்டியை வாசலில் சரித்துவிட்டு உள்ளே பாய்ந்தாள். கையில் அந்தச் சான்றிதழ்.

"ஆர் அக்கா இதைச் செய்தது?"

எங்கள் பக்கத்தில் லமினேற் மெசின் இருப்பது என்னிடம் மட்டும்தான். நான் மெசினைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"கந்தோரிலை கவரைத் திறக்கேக்கைதான் கண்டன். திருப்பித் தந்திட்டினம். உரிக்கேலாதோ அக்கா? கத்தியாலை? சூடு காட்டி?"

"உரிச்சால் எழுத்தும் சேர்ந்து வந்திடும், பிள்ளை."

ஸ்டூலில் குந்தி விக்கி விக்கி அழுதாள். எனக்குக் குற்ற உணர்ச்சி ஒருபக்கம், எரிச்சல் ஒருபக்கம். குற்றம் செய்தவளுக்குத்தானே கோபம் கூடுதலாக வரும். "போறதோ நிக்கிறதோ தெரியாது எண்டுதானே ஒரு மாசமாச் சொன்னனீ? இப்ப போகேலாது. பிரச்சினை தீர்ந்துது. பிறகேன் அழுறாய்?" என்று கத்திவிட்டேன்.

அழுகை நின்றது. என்னையே பார்த்தாள்.

"எனக்குப் போகவேணும், அக்கா," என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே திகைப்பாக இருந்தது.

நான் ஞானாம்பிகையக்காவுக்குப் போன் எடுத்தேன். முன்பள்ளி விட்டதும் குடையோடு வந்தா. ஆரபி சான்றிதழை நீட்டினாள். "ஏனம்மா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"வெளிநாடெண்டால் ஒரே குளிரும் ஈரமுமாம். பழுதாப் போயிடும் எண்டுதான்."

எனக்கு வாயில் ஈ போனாலும் தெரிந்திராது. சுவரில் மாட்டப்போகிறேன் என்றது எனக்குச் சொன்ன பொய். ஊர் வழக்கப்படி, என் வாய்க்குப் பயந்து சொன்ன பொய். அந்த ஈரமும் சும்மா வந்த பேச்சில்லை. தொண்ணூற்றைந்தில் தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்து போகும்போது கொட்டிய மழையில் அக்காவின் சான்றிதழ்கள் எல்லாம் ஊறிக் கஞ்சியாகிவிட்டன. ஆசிரியப் பயிற்சிக்குக் கூப்பிட்டபோது காட்டக் கையில் ஒரு கடதாசி இல்லை. அப்படியே நின்றுபோனது அவவின் படிப்பு.

"நான் போறன் எண்டு ஆர் சொன்னது?" என்று ஆரபி என்னை முறைத்தாள். நான் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. ஒவ்வொரு நாளும் சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு வைச்சிட்டு எழும்பிறாய். நிக்கிற எண்ணம் இருந்திருந்தால் வடிவாச் சாப்பிட்டிருப்பாய்."

"அப்ப ஏனம்மா என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டால், அம்மாவுக்காக நிக்கிறன் எண்டு சொல்லிப்போடுவாய். சொன்னால் நீ மாறமாட்டாய்."

ஆரபி தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் பிரிண்டரைத் தட்டுகிற சாட்டில் திரும்பி நின்று அழுதேன்.

அக்காதான் முதலில் நிமிர்ந்தா. "றஜனி, புதுச் சேட்டிபிக்கற் எடுக்கப் படிவம் ஏதும் இருக்கும். அடிச்சுத் தா. நான் நிரப்பிறன், இவளின்ரை எழுத்துக் கோழி கிண்டினது மாதிரி." ஆரபி அன்றைக்கே ஜேர்மனிக்கு ஓம் என்று எழுதினாள். சான்றிதழுக்குக் கொஞ்சம் பிந்தும் என்றதற்கு அவர்களும் சரி என்றார்கள். நான் கடையில் ஒரு மட்டையில் எழுதித் தூக்கினேன்: 'ஒறிஜினல் லமினேற் செய்யப்படமாட்டாது. காரணம் கேட்கவேண்டாம்.' வருகிற எல்லோரும் காரணம் கேட்கிறார்கள்.

போன மாதம் ஆரபி போய்ச் சேர்ந்தாள். அதற்கு முன்பே நான் மூன்று பேருக்குச் சொல்லியிருந்தேன். ஒரு நாவூறும் படவில்லை.

அவள் போய் மூன்றாம் நாள் மத்தியானம் ஞானாம்பிகையக்காவைப் பார்க்கப் போனேன். சுவரில் லமினேற் செய்த சான்றிதழ் தொங்கியது. "சுவரிலை மாட்டத்தான் எண்டு அப்பவே சொன்னனான்தானே," என்று சிரித்தா. மேசையில் அவவின் தட்டு இருந்தது. சோறும் கறியும் பிசைந்தபடி, ஒரு வாயும் வைக்காமல் காய்ந்துபோய்க் கிடந்தது.

நான் குசினிக்குள் போய் இன்னொரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தேன். அக்காவும் மெல்லச் சோற்றில் கையை வைத்தா.